ரீஸ்டோர் வெற்றி, ஃபோல்டர் காலி: கடலூரில் ஒரு ஜிம்ப்ரா மீட்பு

கடலூர் சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். மெயிலுக்காக வெளியே யாரிடமும் மாதச் சந்தா கட்டாமல் சொந்த சர்வரிலேயே ஜிம்ப்ரா என்ற மெயில் சர்வர் மென்பொருளை, அதன் கட்டணப் பதிப்பான நெட்வொர்க் எடிஷனை, ஓட்டுகிறார்கள், அதை அங்கேயே இருந்து கவனிப்பது ஒரு தம்பி, அவருக்கு முடியாததற்குப் புதுச்சேரியிலிருந்து நான். 2024 டிசம்பர் 19, வியாழக்கிழமை, கணக்குப் பிரிவு மேடத்தின் பெட்டியில் வெண்டர்களின் ஜிஎஸ்டி கடிதங்கள் இருந்த ஃபோல்டர் காலியாகக் கிடந்தது. ஃபோல்டர் இருக்கிறது, பெயர் இருக்கிறது, உள்ளே ஒரு மெயில்கூட இல்லை. ஜிஎஸ்டிஆர்-9 ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய டிசம்பர் 31 கெடு, ஆடிட்டர் ஆபீஸிலிருந்து அந்தக் கடிதங்களைத்தான் கேட்கிறார்கள்.

நடந்தது என்ன என்பது விசாரித்த உடனே தெரிந்துவிட்டது. செவ்வாய் மதியம் மேடத்தின் போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. போனில் இருக்கும் பழைய மெயில்களைத்தானே அழிக்கிறோம், ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கும் என்று நினைத்து மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டார். ஐமேப் கணக்கில் போனில் தெரிவதும் கம்ப்யூட்டரில் தெரிவதும் சர்வரில் இருக்கும் ஒரே பிரதிதான். இதை மேடத்தின் தவறாக நான் பார்க்கவில்லை, யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

பேக்கப் இருந்தது, அது முக்கியம். அங்கே வைத்திருந்த அட்டவணை இது: ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு ஃபுல், அதாவது முழு நகல், திங்கள் முதல் சனி வரை அதே நேரத்தில் இன்க்ரிமென்டல், அதாவது முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியது மட்டும், ஒரு மாதத்துக்கு மேல் பழையது தானாகவே அழியும். டிசம்பர் 1 ஞாயிறு ஃபுல் மட்டும் இல்லை. முந்தின நாள் ராத்திரிதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, கரண்ட் போய், யுபிஎஸ் தீர்ந்து, சர்வரே அணைந்து கிடந்தது. 8ஆம் தேதி ஃபுல்லும் 15ஆம் தேதி ஃபுல்லும் ஒழுங்காக எடுத்திருந்தன. ஆக, செவ்வாய் 17 மதியத்துக்கு முந்திய நிலை பேக்கப்பில் கட்டாயம் இருந்தாக வேண்டும்.

இனி கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன். மைனஸ் என்றால் ஒரு கோடு, மைனஸ் மைனஸ் என்றால் இரண்டு கோடு. எல்லாமே ஜிம்ப்ரா யூசராக உள்ளே போய் அடிக்க வேண்டியவை, ரூட்டாக இருந்து அடித்தால் ஓடாது.

முதல் முயற்சி: பிழையே இல்லாமல் தோற்றது

எனக்கு போன் வருவதற்கு முன்பே தம்பி இசட்எம்ரீஸ்டோர் கட்டளையை மைனஸ் ஏ ஆப்ஷனோடு, மேடத்தின் முகவரியைக் கொடுத்து ஓட்டியிருந்தார். கையேட்டில் முதல் உதாரணமாக இருப்பது அதுதான், அதனால் யாரும் அதைத்தான் அடிப்பார்கள். ஓடும் நேரத்தில் கணக்கு மெயின்டனன்ஸ் நிலைக்குப் போய்விடும், மேடத்தால் உள்ளே நுழைய முடியாது, அவருக்கு வரும் மெயில் வரிசையில் காத்திருக்கும். கொஞ்ச நேரம் ஓடி முடிந்தது. சிவப்பு வரி எதுவும் இல்லை. பெட்டியைத் திறந்தால் எல்லாம் முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது, அந்த ஃபோல்டர் காலியாக இருப்பது உட்பட.

"பேக்கப்பே கெட்டுப்போச்சு போலிருக்கு அண்ணா" என்றுதான் போனில் ஆரம்பித்தார்.

பேக்கப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மைனஸ் ஏ மட்டும் கொடுத்தால் அந்தக் கட்டளை என்ன செய்யும் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கடைசி ஃபுல் பேக்கப்பை எடுத்துப் பெட்டியை அந்த நிலைக்குக் கொண்டுவரும். அப்புறம் அதற்குப் பின் எடுத்த இன்க்ரிமென்டல்களில் இருக்கும் ரீடூ லாக்குகளை ஓட்டும். அதுவும் முடிந்தபின் சர்வரிலேயே இருக்கும் ஆர்க்கைவ் ரீடூ லாக், நடப்பு ரீடூ லாக் எல்லாவற்றையும் இந்த நிமிடம் வரை ஓட்டும். ரீடூ லாக் என்பது மண்டியில் எழுதும் சிட்டை மாதிரி: வந்தது, போனது, நகர்த்தியது, அழித்தது எல்லாம் நடந்த வரிசையில் அதில் இருக்கும், பெட்டி என்பது அதிலிருந்து ஏற்றிய பேரேடு. பேரேடு எரிந்துபோனால் போன வார நகலை எடுத்துவைத்துச் சிட்டையைப் பார்த்துத் திரும்ப ஏற்றிவிடலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை பக்கத்தில் 'இவ்வளவையும் அடித்துவிடு' என்று எழுதியிருந்தால், ஏற்றுகிறவர் அதையும் ஒழுங்காக அடித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்.

அதுதான் நடந்தது. மேடம் அழித்ததையும் சேர்த்து சர்வர் துல்லியமாக மீட்டுக் கொடுத்திருக்கிறது. டிஸ்க் போய்விட்டது, டேட்டாபேஸ் உடைந்துவிட்டது போன்ற சமயத்தில் இதுதான் சரியான நடத்தை, ஒரு மெயில்கூட இழக்காமல் கடைசி நொடி வரை வந்து நிற்கும். மனிதர் அழித்ததை மீட்கப் போகும்போதுதான் அதே குணம் நம்மைத் தோற்கடிக்கிறது. கையேட்டின் முதல் உதாரணம் டிஸ்க் போனவருக்காக எழுதப்பட்டது. நமக்கு வரும் போன் அழைப்புகளில் பெரும்பாலானவை "அழிச்சிட்டேன் சார்" வகை, அதற்கு ஆப்ஷன் வரிசை வேறு.

எதுவரை, எங்கே

இசட்எம்ரீஸ்டோரின் உதவிப் பக்கத்தில் ஆப்ஷன்கள் அகர வரிசையில் நிற்கின்றன, அதைப் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம். நான் அவற்றை மூன்று கேள்விகளாகப் பிரித்துத்தான் தம்பிக்குச் சொன்னேன். எதிலிருந்து எடுக்கிறாய், எதுவரை ஓட்டுகிறாய், எங்கே கொண்டுபோய் வைக்கிறாய்.

எதிலிருந்து என்பதற்கு மைனஸ் எல்பி, அதாவது எந்த ஃபுல் பேக்கப் என்று லேபிள் கொடுப்பது. கொடுக்காவிட்டால் கடைசி ஃபுல். பேக்கப் வழக்கமான இடத்தில் இல்லாமல் வேறு டிஸ்க்கில் இருந்தால் மைனஸ் டி (டார்கெட்டின் முதல் எழுத்து), பாதை.

எதுவரை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மைனஸ் பிஆர் (பேக்கப், ரீடூ இரண்டின் முதல் எழுத்துகள்) போட்டால் பேக்கப்பில் இருக்கும் ரீடூ லாக்குகளோடு நின்றுவிடும், சர்வரில் இப்போது இருக்கும் லாக்குகளைத் தொடாது. மைனஸ் ஆர்எஃப் என்றால் ஃபுல் பேக்கப் மட்டும், இன்க்ரிமென்டல் வேண்டாம். (லினக்ஸில் கொஞ்ச நாள் இருந்தவருக்கு ஆர்எஃப் என்று பார்த்ததும் கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளை ஞாபகம் வந்து விரல் ஒருமுறை நிற்கும். இங்கே அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஃபுல் எடுத்த நேரத்தோடு சுத்தமாக நிறுத்த வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்தே போடுவது என் வழக்கம். ஒரு குறிப்பிட்ட இன்க்ரிமென்டல் வரை போதும் என்றால் ரீஸ்டோர்டுஇன்க்ர்லேபிள், அதோடு அந்த லேபிள். ஒரு குறிப்பிட்ட நிமிடம் வரை என்றால் ரீஸ்டோர்டுடைம், அதோடு தேதியும் நேரமும். ரீடூ வரிசை எண்ணைக் கொடுக்கும் ஆப்ஷனும் ஒன்று இருக்கிறது, இந்த மாதிரி வேலைக்கு அது தேவைப்படுவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் வெளியே, மைனஸ் மைனஸ் ஸ்கிப்டிலீட்ஸ் என்று ஒன்று. ரீடூ லாக்கை ஓட்டும்போது அழிக்கும் வேலைகளை மட்டும் தாண்டிப் போ என்று அர்த்தம். தம்பி அதைக் கண்டுபிடித்துவிட்டு, "அண்ணா, இதைப் போட்டாலே முடிஞ்சுதே" என்றார். பார்க்க அப்படித்தான் இருக்கும். இந்த வழக்கில் நான் ஏன் வேண்டாம் என்றேன் என்றால், மேடம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நியாயமாக அழித்த விளம்பரம், ஓடிபி, டெலிவரி அறிவிப்பு எல்லாமே அதோடு எழுந்து வரும். அதைவிடப் பெரிய தொல்லை, ஐமேப்பில் பல மென்பொருள்கள் ஒரு மெயிலை நகர்த்துவதை முதலில் புது ஃபோல்டரில் நகல் எடுத்து, பிறகு பழையதை அழிப்பது என்று இரண்டு வேலையாகச் செய்யும். அழிப்பதை மட்டும் தாண்டினால் நகர்த்திய ஒவ்வொரு மெயிலும் இரண்டு இடத்தில் நிற்கும். ஜிம்ப்ரா வெப் வழியாகக் குப்பைக்குத் தள்ளுவதோ அழிப்புக் கணக்கில் வராது, அது ஒரு நகர்வுதான், அதனால் அந்த மெயில் பழைய ஃபோல்டருக்குத் திரும்பாமல் குப்பைத் தொட்டியில்தான் கிடக்கும். எப்போது அழித்தார் என்றே தெரியாத நிலையில் ஸ்கிப்டிலீட்ஸ் நல்ல கருவி. நேரம் தெரியும் என்றால் நேரத்தை வைத்தே போவது சுத்தம்.

எங்கே என்பதற்கு மைனஸ் சிஏ, மைனஸ் பிஆர்இ. இரண்டும் ஜோடி. சிஏ என்றால் புதிதாக ஒரு கணக்கை உருவாக்கு, பிஆர்இ (ப்ரிஃபிக்ஸின் முதல் மூன்று எழுத்துகள்) என்றால் அதன் பெயருக்கு முன்னால் இந்த எழுத்துகளை ஒட்டு. உதாரணமாக ஆர்1 அண்டர்ஸ்கோர் என்று கொடுத்தால், மேடத்தின் முகவரிக்கு முன்னால் அது ஒட்டிக்கொண்டு ஒரு தனிக் கணக்கு வந்து நிற்கும், அசல் பெட்டியை யாரும் தொடவில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? நேரம் கொடுத்து மீட்கும் ஆப்ஷனை அசல் கணக்கின் மேலேயே ஓட்டினால் பெட்டி அந்த நேரத்துக்குப் பின்னால் போய்விடும். செவ்வாய் மதியம் 3 மணி என்று கொடுத்தால் அதற்குப் பிறகு செவ்வாய், புதன், வியாழன் வந்த மெயில் பெட்டியில் இருக்காது. இரண்டு வருடக் கடிதங்களை மீட்கப் போய் நேற்று வந்த பர்ச்சேஸ் ஆர்டரைத் தொலைத்த கதை வேறு ஒரு இடத்தில் எனக்குத் தெரியும். தம்பி முதலில் ஓட்டிய கட்டளை இந்த ஆபத்து இல்லாதது, அது இந்த நிமிடம் வரை ஓடியதால்தான் புதிய மெயில் எதுவும் போகவில்லை. ஒரு வகையில் தோற்றதே நல்லதாகப் போயிற்று.

பேக்கப் லேபிளில் என்ன நேரம்

சரி, புதிய கணக்கில் மீட்கலாம் என்று முடிவாயிற்று. நான் வேறு ஒரு வேலையில் மாட்டியிருந்ததால் சிஏ, பிஆர்இ இரண்டையும் மட்டும் சொல்லிவிட்டு, செவ்வாய் அதிகாலை இன்க்ரிமென்டல் வரை நிறுத்தச் சொன்னேன். இசட்எம்பேக்கப்குவரி கட்டளையை மைனஸ் ஏ, முகவரி கொடுத்து ஓட்டினால் அந்தக் கணக்கு எந்தெந்த பேக்கப்பில் இருக்கிறது என்று பட்டியல் வரும். அதில் இன்க்ர் என்று தொடங்கி 20241217 என்று தேதி போட்ட லேபிளைத் தேர்ந்தெடுத்து ஓட்டினார். 17 செவ்வாய்தானே. புது கணக்கு வந்தது, அதிலும் அந்த ஃபோல்டர் காலி.

இந்த இடத்தில்தான் இந்தியாவில் உட்கார்ந்து ஜிம்ப்ரா பார்ப்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பேக்கப் லேபிளில் இருக்கும் தேதியும் நேரமும் கிரீன்விச் நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு அதிகாலை 1 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு 7.30. அதனால் நம் அட்டவணைப்படி ஓடும் எல்லா பேக்கப்பின் லேபிளும் ஒரு நாள் பின்தங்கிய தேதியோடு, 1930 என்று தொடங்கும் நேரத்தோடுதான் இருக்கும். ஞாயிறு ஃபுல் சனிக்கிழமைத் தேதியில் நிற்கும். 17 என்று தேதி போட்டது உண்மையில் புதன்கிழமை 18 அதிகாலை 1 மணிக்கு எடுத்தது, மேடம் அழித்ததற்குப் பல மணி நேரம் கழித்து. நமக்கு வேண்டிய செவ்வாய் அதிகாலை பேக்கப்பில் 20241216 என்று இருக்கும்.

இன்னும் குழப்பம் வேண்டுமா? ரீஸ்டோர்டுடைம் ஆப்ஷனுக்குக் கொடுக்கும் நேரம் சர்வரின் உள்ளூர் நேரம். அதாவது ஒரே கட்டளை வரியில் மைனஸ் எல்பிக்குப் பின்னால் வருவது கிரீன்விச், ரீஸ்டோர்டுடைமுக்குப் பின்னால் வருவது நம் கடிகாரம். உலகம் முழுக்க ஓடும் மென்பொருளுக்கு லேபிளை ஒரே நேரத்தில் வைப்பது நியாயம்தான், அட்மின் கையால் டைப் செய்யும் நேரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்வதும் நியாயம்தான், இரண்டு நியாயங்களும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இரவு 9 மணிக்கு ஒருவர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். லண்டனில் இருப்பவருக்குக் குளிர்காலத்தில் இந்தப் பிரச்சினை இருப்பதே தெரியாது.

செவ்வாய் அதிகாலை லேபிளைக் கொடுத்து மறுபடி ஓட்டியிருந்தாலே ஏறக்குறைய எல்லாம் வந்திருக்கும். ஆனால் செவ்வாய் காலை மேடம் அந்த ஃபோல்டருக்குள் சில கடிதங்களை எடுத்துப் போட்டதாகச் சொன்னார், அவைதான் ஆடிட்டருக்கு அனுப்ப ஒதுக்கியவை. அவை போகக் கூடாது என்றால் அழித்த நிமிடம் வேண்டும்.

அழித்த நிமிடம்

அது லாக்கில் இருக்கும். ஜிம்ப்ராவின் லாக் டைரக்டரியில் மெயில்பாக்ஸ் டாட் லாக், தினமும் சுழன்று பழையது தேதியோடு சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். செவ்வாய் தேதிக் கோப்பை, சுருக்கிய கோப்புக்குள்ளேயே தேடும் இசட்கிரெப் கட்டளை கொண்டு மேடத்தின் முகவரிக்குத் தேடினால் எந்தக் கணக்கு, எந்த ஐபி, எந்த மென்பொருள், என்ன செய்தது என்று வரி வரியாக வரும். மதியம் 3.12க்கு மேல் ஐமேப் வழியாக அழிப்பு வரிகள் சரம் சரமாக ஆரம்பிக்கின்றன, கொஞ்ச நேரத்தில் முடிகின்றன. மேடம் "சாப்பிட்டு வந்து உட்கார்ந்தப்போ" என்று சொன்னது பொருந்தியது. ஞாபகத்தை மட்டும் நம்பி 2 மணி என்றோ 4 மணி என்றோ போட்டிருந்தால் ஒன்றில் கொஞ்சம் குறைந்திருக்கும், மற்றொன்றில் எல்லாமே போயிருக்கும். இந்த லாக்கின் நேரம் உள்ளூர் நேரம், அதை அப்படியே ரீஸ்டோர்டுடைமுக்குக் கொடுக்கலாம், கழித்தல் கூட்டல் எதுவும் வேண்டாம். 3.05 என்று வைத்துக்கொண்டோம்.

ஓட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. அசல் கணக்கு இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இசட்எம்பேக்கப், மைனஸ் எஃப், மைனஸ் ஏ, முகவரி என்று ஒரு தனி ஃபுல் எடுத்தோம். இனி எந்தக் கை நழுவினாலும் வியாழன் மாலை நிலைக்குத் திரும்பலாம். இதைச் செய்தவர்கள் அடுத்த வரியில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்: இப்போது அந்தக் கணக்கின் கடைசி ஃபுல் என்பது ஐந்து நிமிடத்துக்கு முன் எடுத்த இதுதான். மைனஸ் எல்பி கொடுக்காமல் விட்டால் மீட்பு இதிலிருந்து தொடங்கும், காலி ஃபோல்டரோடு. அதனால் ஞாயிறு ஃபுல்லின் முழு லேபிளையும், அந்தச் சனிக்கிழமைத் தேதியோடு, எல்பிக்குப் பின்னால் எழுதியாக வேண்டும். லேபிள் புள்ளிகளோடு நீளமாக இருக்கும், மில்லி செகண்ட் வரை. பட்டியலிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுங்கள், கண்ணால் பார்த்து டைப் செய்யாதீர்கள்.

கடைசியில் ஓடிய கட்டளை இப்படி: இசட்எம்ரீஸ்டோர், மைனஸ் ஏ மேடத்தின் முகவரி, மைனஸ் எல்பி ஃபுல் என்று தொடங்கும் 20241214 லேபிள், மைனஸ் சிஏ, மைனஸ் பிஆர்இ ஆர்2 அண்டர்ஸ்கோர், ரீஸ்டோர்டுடைம் 2024/12/17-15:05:00. தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டும் எழுதலாம், அப்போது மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் ஷெல் அதை இரண்டு துண்டாக்கிவிடும். கோடு போட்ட வடிவம் அந்தத் தொல்லை இல்லாதது. மாதம், நாள், மணி, நிமிடம் எல்லாம் இரண்டு இலக்கம், மணி 24 மணிக் கணக்கு. மதியத்தை 3:05 என்று எழுதக் கூடாது.

முன்ஒட்டை ஆர்2 என்று மாற்றியதற்குக் காரணம், ஆர்1 என்ற பெயரில், அந்த ஃபோல்டர் காலியாக இருந்த கணக்கு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. சிஏ புதுக் கணக்கை உருவாக்கப் பார்க்கும், அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் நடக்காது. இன்னொன்று, இந்த முன்ஒட்டுக் கணக்குகளும் கணக்குகள்தான், லைசென்ஸில் இடம் பிடிக்கும். லைசென்ஸ் எண்ணிக்கையை இழுத்துப் பிடித்து வாங்கியிருக்கும் ஆபீஸில், இப்படி ஒரு நாளுக்கென்று ஒன்றிரண்டு காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் முன்பே கேட்டு வாங்கியிருந்தேன். டிஸ்க் இடமும் பார்க்க வேண்டும். பெரிய பெட்டியை மீட்டால் அவ்வளவு இடம் இன்னொரு முறை போகும்.

ஆர்2 கணக்கைத் திறந்து பார்த்தால் ஃபோல்டர் நிறைந்திருந்தது, செவ்வாய் காலை போட்ட கடிதங்களோடு.

அசல் பெட்டிக்குக் கொண்டுசேர்ப்பது

பாதிப் பேர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள், ஆர்2 கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி மேடத்திடம் கொடுத்து "இதில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று. அது எனக்குப் பிடிக்காது. ஒரு மாதம் கழித்து எது அசல் என்று அவருக்கே தெரியாது. அதோடு அந்தப் புதுக் கணக்கு கம்பெனி முகவரிப் பட்டியலிலும் தெரிய ஆரம்பிக்கும், மேடத்தின் பெயரை டைப் செய்பவர்கள் அதற்கு மெயில் அனுப்புவார்கள். முதல் வேலையாக, கணக்குகளின் அமைப்பை மாற்றும் இசட்எம்ப்ராவ் கட்டளை வழியாக ஜிம்ப்ராஹைட்இன்கேல் என்ற பண்பை ட்ரூ என்று வைத்து அதைப் பட்டியலிலிருந்து மறைத்தோம்.

நகர்த்த இசட்எம்மெயில்பாக்ஸ். மைனஸ் இசட் என்றால் அட்மின் அடையாளத்தோடு, மைனஸ் எம் என்றால் யாருடைய பெட்டி. ஆர்2 பெட்டியிலிருந்து கெட்ரெஸ்ட்யூஆர்எல் கொண்டு அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் டிஜிஇசட் என்ற சுருக்கிய வடிவத்தில் ஒரு கோப்பாக இறக்கி, அசல் பெட்டியில் போஸ்ட்ரெஸ்ட்யூஆர்எல் கொண்டு ஏற்றுவது. பெரிய ஃபோல்டர் என்றால் நடுவில் நேரம் முடிந்துவிட்டது என்று நின்றுவிடும், அதற்கு மைனஸ் டி (டைம்அவுட்டின் முதல் எழுத்து) பூஜ்யம். கவனியுங்கள், இசட்எம்ரீஸ்டோரில் மைனஸ் டி என்றால் பேக்கப் இருக்கும் இடம், இங்கே காத்திருக்கும் நேரம். ஒரே வீட்டுக் கட்டளைகள்தான், எழுத்துக்கு எழுத்து அர்த்தம் மாறும்.

ஏற்றும்போது யூஆர்எல்லின் கடைசியில் ரிஸால்வ் என்று ஒன்று கொடுக்கலாம், ஏற்கெனவே இருக்கும் மெயிலை என்ன செய்வது என்று சொல்வது அதுதான். ஸ்கிப் என்றால் ஏற்கெனவே இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை மட்டும் சேர்க்கும். மாடிஃபை என்றால் இருப்பதை மாற்றும். ரீசெட் என்றால் அந்த ஃபோல்டரில் இப்போது இருப்பதை முதலில் துடைத்துவிட்டு ஏற்றும். பேரைப் பார்த்து ரீசெட் ஏதோ நல்ல விஷயம் போலத் தோன்றும், பெட்டி முழுவதற்கும் அதைக் கொடுத்தால் இவ்வளவு நேரம் காப்பாற்றிய புதிய மெயில்களுக்கு நாமே கொள்ளி வைத்த மாதிரி. நாங்கள் ஸ்கிப் கொடுத்தோம், அதையும் பழைய ஃபோல்டரில் ஏற்றாமல் மேடத்தின் பெட்டியில் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதன் கீழ் ஏற்றினோம், அவர் பார்த்துச் சரி என்றபின் அவரே இழுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று. வெள்ளி காலை பார்த்தார். ஆடிட்டர் கேட்ட கடிதங்கள் எல்லாம் இருந்தன.

இசட்எம்ரீஸ்டோர் நெட்வொர்க் எடிஷனில் மட்டும் வருவது. இலவசப் பதிப்பு ஓட்டுபவர்களுக்கு பெரும்பாலும் இந்த இசட்எம்மெயில்பாக்ஸ் டிஜிஇசட் வழிதான் பேக்கப்பும் மீட்பும், அதில் நிமிடக் கணக்குப் பார்த்து நிறுத்தும் வசதி கிடையாது, எடுத்த நேரத்துக்குத்தான் போகலாம். டவ்காட் என்ற வேறு மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இதே 'எங்கே' கேள்வி வேறு உருவில் வரும். டவ்அட்மின் பேக்கப் என்பது ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் அச்சு நகலாக ஆக்குவது, மைனஸ் பெரிய ஆர் போட்டால் திசை திரும்பும், பழைய நகலை அசல் மேல் அப்படி ஓட்டினால் இடையில் வந்த மெயில் போய்விடும். அங்கே பயன்படுத்த வேண்டியது டவ்அட்மின் இம்போர்ட்: பேக்கப் இருக்கும் இடம், எந்தத் தாய் ஃபோல்டரின் கீழ் வைக்க வேண்டும், எந்த மெயில்கள் என்று தேடல் நிபந்தனை, மூன்றையும் கொடுத்தால் சேர்க்க மட்டும் செய்யும், எதையும் அழிக்காது.

பிறகு செய்தவை

கடலூர் சர்வரில் டம்ப்ஸ்டர் வசதி அணைந்தே இருந்தது, நிறுவியதும் வருவது அப்படித்தான். கணக்குகள் பொதுவாகச் சேர்ந்திருக்கும் டீஃபால்ட் வகுப்புக்கு ஜிம்ப்ராடம்ப்ஸ்டர்எனேபிள்டு என்ற பண்பை ட்ரூ ஆக்கிவிட்டோம். இனி குப்பைத் தொட்டியைக் காலி செய்தாலும் வழக்கமான அமைப்பில் 30 நாள் வரை உள்ளே இருக்கும், வெப்பில் குப்பை ஃபோல்டரில் வலது கிளிக் செய்து அழித்தவற்றை மீட்க என்ற மெனுவிலிருந்து மேடமே எடுத்துக்கொள்ளலாம், எனக்கு போன் வராது. டிஸ்க் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அதை மேலாளரிடம் முன்பே சொல்லிவிட்டேன், "போகட்டும் சார்" என்றார்.

லேபிள் நேர விஷயத்துக்குத் தம்பி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார், இசட்எம்பேக்கப்குவரி பட்டியலை வாங்கி ஒவ்வொரு லேபிளுக்குப் பக்கத்திலும் நம் நேரத்தைக் கிழமையோடு அச்சிடும். அதை அந்தத் தயாரிப்பாளர்களே செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆர்1 கணக்கை அன்றே அழித்தோம். ஆர்2வை ஜிஎஸ்டிஆர்-9 தாக்கல் முடியும் வரை மூடி வைத்திருந்து, ஜனவரியில் தம்பி இசட்எம்ப்ராவ் டிஏ (டெலிட் அக்கவுண்ட்) கொடுத்து நீக்கினார். அந்தக் கட்டளை உறுதியா என்று கேட்காது, முன்ஒட்டு விட்டுப்போனால் அசல் கணக்கே போய்விடும். அதனால் எல்லாக் கணக்குகளையும் பட்டியலிட்டு ஆர்2 என்று வடிகட்டி, வந்த ஒரே வரியைக் காப்பி எடுத்து ஒட்டச் சொன்னேன். காலியான அந்த லைசென்ஸ் இடத்தை ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் ஒன்று மிச்சம் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.